தொலைபேசியிற் செப்பும் வினாவும்

தொலைபேசி என்னும் பெயரில் ஒரு குறை உண்டு. தொலைவினின்று பேசுதற்குரிய கருவி என்னும் பொருளில் அமைந்த அச்சொல் பேசுதலைக் கூறிக் கேட்டலைக் கூறாது விடுகின்றது. கிரேக்கச் சொற்களினின்று அமைந்த அதன் ஆங்கிலப் பெயரோ தொலைக்குரல் என்னும் அளவில் நிற்கின்றது. குரல் என்றவழி எழுப்புவாரும் கேட்பாரும் ஒருங்கே உளராதல் பெறப்படும். பெயரிலேயே கேட்டல் விடுபட்டமையாலோ என்னவோ, நம்மவருள் அக்கருவியைக் கையில் எடுத்த அளவிலே பேசத் தொடங்குவார் பலர். கேட்கத் தொடங்குவார் சிலர். அதனைத் 'தொல்லைபேசி' என்று எள்ளுகின்ற வழக்கும் எழுந்துவிட்டது. அத்தொல்லை கருவியின்பாற்பட்டதா, அதனை எடுத்து விடையிறுக்கும் நம் நாவின்பாற்பட்டதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இலக்கணம் பயில்வார்க்கு இப்பொருள் புதிதன்று. வினாவும் விடையும் பிழைபடாது அமைதல் வேண்டும் என்பதனைத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே எடுத்துப் பேசினார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தனர். மின்கம்பியும் அலைக்கோபுரமும் கனவிலும் இல்லாத காலத்து அவர் வகுத்தவை, இன்று எங்கள் சங்கரன்கோவிற் கடைத்தெருவில் மணி ஒலிக்குந்தோறும் பயன்படுகின்றன என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் மேலே படிக்க.

கருவி பிறந்தபொழுதே முறைபற்றிய வழக்கும் பிறந்தது. 1876-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பாஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பார் மற்றோர் அறையில் இருந்த தம் துணைவர் வாட்சனைத் தம்பால் வருமாறு கம்பிவழி அழைத்தார். ஆகவே உலகில் முதன்முதல் தொலைபேசியிற் சென்ற மொழி வணக்கமன்று, ஏவல். பின்னர் அழைப்பை எடுத்தவர் முதற்கண் யாது சொல்லுதல் வேண்டும் என்னும் வினா எழுந்தது. கப்பலோட்டிகள் ஒருவரையொருவர் கூவியழைக்கும் 'அஹோய்' என்னுஞ் சொல்லே தக்கது என்றார் பெல். எடிசனோ 1877-இல் எழுதிய கடிதமொன்றில் 'ஹலோ' என்பதனைப் பரிந்துரைத்தார். எடிசன் வென்றார் என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ? 1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிற் பயன்படுத்துவோர்க்கென அச்சிட்ட நெறிமுறைகளில், தொடங்குங்கால் அக்கூவற்சொல்லையும், முடிக்குங்கால் 'அவ்வளவே' என்னும் பொருள்படும் தொடரையும் சொல்லுமாறு குறித்திருந்தனர். பிறநாட்டார் தத்தமக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்துகொண்டனர். இத்தாலியர் 'ஆயத்தமாய் உள்ளேன்' என்னும் பொருளில் 'ப்ரோண்டோ' என்பர். செர்மானியர் தம் குடிப்பெயரையே முதற்கண் கூறுவர். சப்பானியர் 'மொசி மொசி' என்பர்.

இவற்றினும் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்றுண்டு. தொடக்கத்தில் இணைப்பகங்களில் இணைப்புக் கொடுக்கும் பணிக்குத் தந்திச் சேவகத்திற் பழகிய சிறுவர்களையே அமர்த்தினர். அவர்தம் குறும்பையும் கடுஞ்சொல்லையும் பொறுக்கலாற்றாது மக்கள் முறையிட்டனர். அதன் பயனாக 1878 செப்டம்பர் 1-ஆம் நாள் பாஸ்டனில் எம்மா நட் என்னும் பெண்மணி அப்பணியில் அமர்ந்தார். உலகின் முதற் பெண் தொலைபேசிப் பணியாளர் அவரே. கருவி தோன்றி மூன்றாண்டு முற்றுமுன், கம்பியைத் திருத்துவதினும் பேச்சைத் திருத்துவது இன்றியமையாததாயிற்று என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் 1882 சனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இணைப்பகங்கள் திறக்கப்பெற்றன. வெளியூர்ப் பேச்சிற்கு 'டிரங்க் கால்' பதிந்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருந்த காலம் நெடிது. எளியது, அவசரம், மின்னல் என அதிலும் வருணப் பாகுபாடு இருந்தது. மின்னலுக்குக் கட்டணம் இடிபோல் விழும். 1960 நவம்பர் 25 முதல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே பணியாளர் துணையின்றி நேரே எண் சுழற்றிப் பேசும் முறை வந்து, பிறகு நாடெங்கும் பரவிற்று. எங்கள் ஊர்க்கு 04636 என்னும் குறியெண் அமைந்தது அம்முறையினாலேயே. 1995 சூலை 31-இல் நாட்டின் முதற் கைபேசி உரையாடல் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. இன்று கைபேசியில்லாத மடியைக் காண்டல் அரிது. கருவி பெருகியது, முறை பெருகிற்றா என்பது வேறு கேள்வி.

நிற்க. மணி ஒலிக்கின்றது, எடுக்கின்றோம். முதற்சொல் யாது?

வீட்டின்கண் அவரவர் குடிவழக்கிற்கும் சமயவழக்கிற்கும் ஏற்பச் சொல்லலாம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் கிறித்தவர் இல்லங்களில் 'தோத்திரம்' என்பர். இசுலாமியர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பர். கார்த்திகைத் திங்களில் மாலையணிந்தவர் வீட்டிற்கு அழைத்தால் 'சாமி சரணம்' என்று மறுமொழி வரும். இவையனைத்தும் கேட்க இனியனவே. ஆயினும் கடை, அலுவலகம், பள்ளி முதலிய பொதுவிடத்தில் எடுப்பவர் தம்மை யார் அழைக்கின்றார் என்றறியாராகலின், எல்லார்க்கும் பொதுவாகிய 'வணக்கம்' ஒன்றே சாலும். அதனையடுத்து இடத்தின் பெயரும், அதன்பின் தம் பெயரும் கூறுதல் வேண்டும். "வணக்கம், இன்ன நூற்கடை, இன்னார் பேசுகின்றேன்" என்பதற்கு மூன்று நொடியும் ஆகாது. வெறுமனே 'அலோ' என்று உரக்கக் கூவி வாளாவிருந்தால், அழைத்தவர் தாம் அழைத்த இடம் இதுதானா என்று ஐயுற்று, 'நூற்கடைதானே?' என்று வினவ நேரும். ஒருகால் 'ஆமாம், சொல்லு' என்று வரும், ஒருகால் 'யாரு?' என்று வரும்.

இந்த 'யாரு?' என்பதனைச் சற்றே நோக்குமின். அது தானே குற்றமுடைய சொல்லன்று. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகிய மூன்றற்கும் பொதுவாகிய வினாச்சொல் அது. குரல் மட்டும் கேட்டு உருவம் காணாதவிடத்து அதனினும் பொருத்தமான சொல் இல்லை. குற்றம் அது நிற்கும் தனிமையில் உள்ளது. 'யாருங்க?' என்று ஓர் 'உங்க'ச் சேர்த்தாலும், 'பேசுவது யார் என்று அறியலாமா?' என்று விரித்தாலும் அச்சொல்லின் முள் மழுங்கிவிடுகின்றது. நம் மக்கள் தாமே ஒரு வழி கண்டிருக்கின்றனர். 'யார் பேசுறது?' என்பர். 'பேசுகிறான்', 'பேசுகிறாள்', 'பேசுகிறார்' என்னாது 'பேசுவது' என்று தொழிற்பெயராக்கி, பாலும் மதிப்பும் தெரியாத இடரினின்று தப்பினர். புலவர் எவரும் சொல்லிக்கொடாத இந்நுட்பத்தைக் கடைத்தெரு கண்டுபிடித்தது என்றே யான் கருதுகின்றேன்.

ஆணோ பெண்ணோ என்று துணியப்படாத ஒருவரைப் பற்றிக் கூறுமிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியனார் காட்டிய நெறி. சேய்மையில் தோன்றும் உருவத்தை வைத்து உரையாசிரியர் அதனை விளக்குவர். அவர்க்குச் சேய்மையில் உருவம் தோன்றியது, நமக்குச் சேய்மையிற் குரல் தோன்றுகின்றது, வேறுபாடு அவ்வளவே. தொலைபேசியிற் குரல் மெலிதாயிருந்தால் 'ஏம்மா' என்றும், தடித்திருந்தால் 'ஏம்பா' என்றும், சிறுபிள்ளையென்று தோன்றினால் 'ஏலே' என்றும் தொடங்கிவிடுவார் எங்கள் வட்டாரத்திற் பலர். மறுமுனையில் இருந்தவர் தலைமையாசிரியராகவும் இருக்கக்கூடும். ஆள் இன்னார் என்று துணியுமளவும் 'நீங்கள்' என்பதே காவல். துணிந்தபின் அண்ணாச்சி என்றோ அக்கா என்றோ உறவுகொண்டாடுதற்கு நிரம்ப நேரம் உண்டு.

விடை எட்டனுள் ஒன்று வினாவெதிர் வினாதல். கேட்ட வினாவிற்கு மற்றொரு வினாவையே விடையாக்குதல் அது. பொருள் தருமாயின் இலக்கணம் அதனை ஏற்கும். 'வருவாயா?' என்றவிடத்து 'வாராதிருப்பேனா?' என்றால் வருவேன் என்பது பெறப்படும். ஆனால் தொலைபேசியில் நிகழும் வினாவெதிர் வினாதல் வேறோர் இனம்.

"யாரு?"

"நீங்க யாரு?"

"போன் போட்டது நீங்க. நீங்க யாருன்னு சொல்லுங்க."

"அங்க யாரு இருக்கா?"

"யார் வேணும் உங்களுக்கு?"

இவ்வாறு ஐந்து வினா பிறந்தும் ஒரு விடையும் பிறவாமல், இருவரும் சினந்து வைத்துவிடுதலை நாள்தோறும் கேட்கலாம். இதற்கு மருந்து எளிது: அழைத்தவர் முதலில் தம் பெயரைச் சொல்லுதல் அழைத்தவர் கடன். அவர் அதனை மறந்தவிடத்து, எடுத்தவர் தம் பெயரைச் சொல்லி வழிகாட்டுதல் எடுத்தவர் பெருமை. முன்பின் அறியாத எண்ணாயின் வீட்டிலிருப்பார் தம் பெயரை உடனே சொல்ல அஞ்சுதலும் இயல்பே. அவ்வச்சத்திற்குக் காரணமுண்டு என்பதனைப் பின்னர்க் காண்போம். அவ்விடத்து 'நீங்கள் யாரை அழைக்கின்றீர்கள்?' என்பது நல்ல வாயில்.

எட்டனுள் முதலாவது சுட்டுவிடை. ஊர்க்கு வழி யாது என்றால் 'இது' என்று காட்டுவது. நேரிற் பேசுவார்க்கு இதனினும் எளிய விடை இல்லை. தொலைபேசியில் இதனினும் பயனற்ற விடை இல்லை. 'எங்கே நிற்கின்றாய்?' என்றால் 'இங்கேதான்' என்பார் உளர். 'எந்தக் கடை?' என்றால் 'இந்தா இந்தக் கடைதான்' என்று கையை நீட்டுவார் உளர். அக்கையைக் கேட்பவர் காணாரே! ஆடித்தபசு நாளில் எங்கள் ஊர்க்கு வந்து பார்த்தால் இச்சுட்டுவிடையின் தோல்வியை நூற்றுக்கணக்கிற் காணலாம். தேரடித் திரளின் நடுவே காதிற் கைபேசியை அழுத்திக்கொண்டு, 'நான் இங்கதான் நிக்கேன், நீ எங்க நிக்க?' என்று பத்தடி இடைவெளியில் இருவர் கூவிக்கொண்டிருப்பர். சுட்டெழுத்து மூன்றும் கண்ணுக்கு உரியன. காதிற்கு உரியவை பெயர்கள். கோபுரம், பேருந்து நிலையம், பூச்சந்தை, இன்ன கடையின் கீழ்ப்புறம் என்று பெயராற் சொல்லுதலே தொலைபேசி இலக்கணம்.

கூவுதல் என்றமையின் அதனையும் ஆராய்வோம். விளிமரபில், சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் பெயர்கள் தம் அளவினின்று நீண்டொலிக்கும் என்பது சொல்லப்பட்டுள்ளது. வயற்காட்டின் வரப்பில் நின்று தம்பியைக் கூப்பிடும் எவர்க்கும் அது தானே வரும். அவ்வியல்பே தொலைபேசியிலும் நம்மைத் தொடர்கின்றது. மதுரைக்குப் பேசுவார் சிறிது உரக்கவும், சென்னைக்குப் பேசுவார் மேலும் உரக்கவும், துபாய்க்குப் பேசுவார் தெருவே கேட்குமாறும் பேசுவர். டிரங்க் கால் நாளில் குரல் மெலிந்து போயினமையின் அதற்குக் காரணமிருந்தது. இன்றோ குரலைச் சுமந்து செல்வது நம் நுரையீரலன்று, மின்சாரம். துபாய்க்கும் தென்காசிக்கும் அதற்கு வேற்றுமை இல்லை. பழைய மேசைத் தொலைபேசியில் பேசுவார் குரலிற் சிறிதளவு அவர் காதிற்கே மீண்டு கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதனால் தம் குரலின் அளவைத் தாமே உணர்ந்து தாழ்த்திக்கொண்டனர்.

உரக்கப் பேசுதலாற் கெடுவது ஒருபுறமிருக்கத் தெளிவாகப் பேசாமையாற் கெடுவது மறுபுறம். மரபுவழித் தொலைபேசி நொடிக்கு 300 முதல் 3400 வரையுள்ள அதிர்வுகளையே கடத்துமாறு அமைந்தது. மனிதக் குரலின் பெரும்பகுதி அதனுள் அடங்குமேனும், காற்றொலி மிக்க எழுத்துக்களின் நுட்பம் அவ்வெல்லைக்கு வெளியே நின்றுவிடும். பெயர்கள் திரிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்களிலோ நம் மொழியே ஒரு பொறி வைத்திருக்கின்றது. இருபது, அறுபது, எழுபது. இருநூறு, அறுநூறு, எழுநூறு. முதலசை சற்றே மழுங்கினால் மூன்றும் ஒன்றே. பூச்சந்தையில் மல்லிகையின் விலை காலையில் ஒன்றும் நண்பகலில் ஒன்றுமாய் மாறும். வெளியூர் வணிகர் விலையைத் தொலைபேசியிலேயே முடிப்பர். கிலோ அறுநூறு என்றது எழுநூறாய்க் கேட்டால் யார் தலையில் விழுவது? ஆகலின் பழுத்த வணிகர் 'அறுநூறு. ஆறு, சைபர், சைபர்' என்று எண்ணை அவிழ்த்துச் சொல்வர். கேட்டவரும் அதனைத் திருப்பிச் சொல்வர். இத்திருப்பிச் சொல்லுதலை எந்தக் கல்லூரியிலும் பயின்றாரல்லர், இழப்பிலிருந்து பயின்றனர்.

கேட்டுக்கொண்டிருக்கின்றோம் என்பதனைக் காட்டுதலும் விடையிறுத்தலின் ஒரு கூறே. நேரில் தலையசைப்போம்; முகத்தாற் குறிப்புக் காட்டுவோம். தொலைபேசியில் தலையசைப்பிற்கு ஓசை இல்லை. பாட்டிமார் கதை சொல்லுங்கால் 'உம்' கொட்டாவிடிற் கதையை நிறுத்திவிடுவர் என்பதனை நாம் அறிவோம். தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு தொடர் கூறியதும் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' என்று தாங்குவர்; அவ்வாமா இல்லையேல் கதை நடவாது. தொலைபேசியில் 'உம்' என்றும் 'சரி' என்றும் 'சொல்லுங்கள்' என்றும் இடையிடையே தருவதும் அவ்வாறே. மிகையாயினும் இடர்தான், மறுமுனையில் இருப்பார் மூச்சு விடுமுன் மும்முறை 'ஆமா ஆமா ஆமா' என்பார், அவரைப் பேச்சினின்று துரத்துவார் போல்வர்.

இனி, பிறர்பொருட்டு எடுக்கும் அழைப்பு. இதுவே இக்கட்டுரையில் யான் நெடிது நிற்க விரும்பும் இடம். வீட்டிலாயினும் தொழிலிடத்தாயினும், நாம் எடுக்கும் அழைப்பு நமக்குரியதாய் இல்லாவிடின், அப்பொழுது நாம் பேசுவார் என்னும் நிலையினின்று நீங்கித் தூதராகின்றோம். தூதிற்குரிய பண்புகளைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வகுத்திருத்தலை அறிவோம். அரசர்க்கிடையே செல்லும் தூதனைப்பற்றி அவர் கருதினார். விசைத்தறிக் கூடத்து மேசையில் அமர்ந்திருக்கும் கணக்கரும் ஒரு தூதரே என்பதனை எங்கள் தெருவாசி ஒருவர் வாழ்க்கையால் யான் அறிந்தேன்.

அவர் ஒரு நெசவுத் தொழிலாளர். ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், கைபேசி எளியோர்க்கு எட்டாதிருந்த காலத்து, தறிக்கூடமொன்றில் வேலைபார்த்தார். விசைத்தறி ஓடுங்கால் அருகில் நிற்பார் வாயசைவே தெரியும், சொல் கேளாது. ஆதலால் தொழிலாளர் உறவினர் யாவரும் முன்னறையிலிருந்த தொலைபேசிக்கே அழைப்பர். ஒருநாள் பிற்பகல் ஊரிலிருந்து அவர் தங்கை அழைத்தார்.

"அண்ணாச்சி, எங்க அண்ணனைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"தறி ஓடுதும்மா. இப்பக் கூப்பிட முடியாது."

"இல்ல அண்ணாச்சி, அப்பாவுக்கு..."

"ராத்திரி எட்டு மணிக்கு மேல போடு."

இவ்வளவே. இணைப்பு அறுந்தது. அந்நங்கையார் கையிலிருந்த காசும் அத்துடன் தீர்ந்தது. எட்டு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தவரிடம் முன்னறையில் இருந்தவர், "ஒனக்கு ஏதோ போன் வந்துச்சு" என்றார். யார், எங்கிருந்து, என்ன என்று கேட்டதற்கு, "யாரோ பொம்பளை" என்றார். சீட்டுப் பணம் கேட்டு அழைத்திருப்பர் என்று எண்ணி அவர் வீட்டிற்குச் சென்று உறங்கிவிட்டார். மறுநாள் முதற் பேருந்தில் ஊரிலிருந்து ஆள் வந்தது. தந்தையார் இரவு முழுதும் மகனைக் கேட்டுக்கொண்டேயிருந்து விடியுமுன் உயிர்நீத்தார். கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு இருந்தது.

இதனைச் சொல்லுங்கால் அவர் அம்மேசையில் இருந்தவரைப் பழித்ததில்லை. 'கூப்பிடாட்டாலும் சரி, யாருன்னு கேட்டு வச்சிருந்தாப் போதும் தம்பி' என்பதே அவர் சொல்வது. அவர்தம் வேண்டுகோள் எத்துணைச் சிறியது என்று எண்ணிப் பார்க்க. அழைத்தவர் பெயர், அழைத்த நேரம், எவர்க்கு, செய்தி யாது, திரும்ப அழைக்க எண் எது. இவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தற்கு ஆவது அரை நிமிடம். தொலைபேசியின் அருகே தாளும் எழுதுகோலும் நூலிற் கட்டித் தொங்கவிடுதல் பழைய வழக்கம். அந்நூலை அறுத்து எழுதுகோலைக் கொண்டுபோகும் வழக்கமும் பழையதே. எழுதியதை அழைத்தவர்க்குத் திருப்பிப் படித்துக் காட்டுதல் இன்னும் நன்று. 'ஏதோ', 'யாரோ', 'எங்கேயோ' என்னும் ஐயச்சொற்கள் தூதர் வாயில் வாரா. பேசுவார் சொல்லி முடிக்குமுன் வைத்துவிடுதலோ, எத்துணை வேலை நெருக்கினும் செய்யத்தக்கதன்று.

வீட்டில் இத்தூது பெரும்பாலும் சிறார் கைப்பட்டது. 'அப்பா இல்லை என்று சொல்லச் சொன்னார்' என்று பிள்ளை சொன்ன கதை எல்லார்க்கும் தெரியும். நகைச்சுவை ஒருபுறமிருக்க, இல்லாதவிடத்து இல்லையென்றலும், உள்ளவிடத்து 'இப்பொழுது பேச இயலாதிருக்கின்றார். எப்பொழுது அழைக்கச் சொல்லட்டும்?' என்றலும் பிள்ளைக்குக் கற்பித்தால், பொய்யும் வேண்டா, முரட்டுத்தனமும் வேண்டா. வாயிலைக் கையால் மூடிவிட்டோம் என்றெண்ணி 'அந்த ஆள்தான், என்ன சொல்ல?' என்று வீட்டினுள் நோக்கிக் கேட்பவை மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பதனையும் ஈண்டே சொல்லிவிடுகின்றேன்.

துயரச் செய்தி வரும் அழைப்பு வேறு. முன்னாளில் இறப்புச் செய்தியை ஆள்வழியே சொல்லிவிடுவர். வந்தவர் வாயிற்படியில் நின்ற நிலையே செய்தியைச் சொல்லிவிடும். தந்தி வந்த நாளில் உறையைப் பிரிக்குமுன்னே அழுகை எழும். அத்தந்தியும் 2013 சூலையில் நாட்டில் நிறுத்தப்பட்டது. இன்று அவ்வேலை முழுதும் தொலைபேசியின் தலையில் உள்ளது. நள்ளிரவு மணி ஒலித்தால் முதியோர் நடுங்குதலும் அதனாலேயே. ஆகவே பிற காரணத்திற்காக அகாலத்தில் அழைக்க நேர்ந்தவர் 'ஒன்றும் அஞ்சவேண்டா' என்பதனையே முதற்சொல்லாக்குதல் இரக்கமாகும். இறப்பைச் சொல்ல நேர்ந்தவர், எடுத்தவர் யார், தனியே இருக்கின்றாரா, உடன் பெரியவர் எவரேனும் உளரா என்று கேட்டறிந்து, கூடுமாயின் அப்பெரியவரிடம் சொல்லுதல் நன்று. நம் முன்னோர் இத்தகைய இடத்திற்கென்றே மங்கல வழக்கினை அமைத்தனர். 'இறைவனடி சேர்ந்தார்' என்றும், எம்மனோர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றும் கூறுவது வெறும் அலங்காரமன்று. கேட்பார் நெஞ்சின்மேல் விழும் கல்லைச் சற்றே துணியிற் பொதிந்து வைப்பதாகும். கேட்பவர் அழுதால் பேசாதிருந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டிருத்தலும் ஒரு விடையே. நன்னூலார் எண்ணியவற்றுள் அது வாராது.

இடர்க்காலத்து 108-ஐ அழைப்பார்க்கும் ஒரு சொல். 2008 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் அவ்வூர்திச் சேவையில், எடுத்தவர் முதற்கண் இடத்தைக் கேட்பர். 'சீக்கிரம் வாங்க' என்று பலமுறை கூவுவதினும், ஊரும் தெருவும் அருகிலுள்ள அடையாளமும் ஒருமுறை கூறுதல் விரைவிற்கு வழி. அவர் வைக்கச் சொல்லுமுன் வைத்தல் ஆகாது.

இதுகாறும் பணிவைச் சொன்னோம். பணிவினையே முதலாக்கிக் கொள்ளையடிப்பார் பெருகியுள்ள காலம் இது என்பதனையும் மறைத்தல் தகாது. காவல்துறையிலிருந்து பேசுகின்றோம், உம் பெயரில் வழக்கு உள்ளது, திரையைவிட்டு அகலாதீர், எவரிடமும் சொல்லாதீர் என்று மிரட்டி, 'டிஜிட்டல் அரஸ்ட்' என்று பெயரிட்டு முதியோரைப் பல மணிநேரம் சிறைப்படுத்திப் பணம் பறிக்கின்றனர். அவ்வாறொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27-இல் 'மனதின் குரல்' வானொலி உரையில் தலைமை அமைச்சரே இதனை எடுத்துக்கூறி எச்சரித்தார். ஓய்வுபெற்ற அறிஞரும் இதில் அகப்படுதல் ஏன் என்று வியப்பார் உளர். எனக்கு அதில் வியப்பில்லை. அதிகாரக் குரலுக்கு எழுந்து நின்று விடையிறுத்தலே பணிவு என்று வாழ்நாள் முழுதும் பழகியவர் அவர். ஒருவர் பேசிக்கொண்டிருக்க இடையில் வைத்துவிடுதல் அவர் கைக்கு வாராது. ஆதலால் இவ்விடத்து வேறு விதியொன்றை வீட்டுப் பெரியோர்க்கு நாமே சொல்லித்தருதல் வேண்டும்: ஓ.டி.பி. எண்ணையோ வங்கிக் கணக்கையோ கேட்கும் குரல்முன் 'மன்னிக்கவும்' என்பதுகூட வேண்டா, வைத்துவிடலாம். அது பண்பிழுக்கு ஆகாது. பணம் போயிருப்பின் உடனே 1930 என்னும் எண்ணிற்கு அழைத்தல் வேண்டும்.

சில்லறைச் செய்திகள் சில. பலர் கேட்க ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுவார், கேட்போர் உளர் என்பதனை முன்னரே சொல்லுதல் வேண்டும். வகுப்பிலும் வழிபாட்டிலும் மணியை அடக்கிவைத்தலைப்பற்றி நம் பேராசிரியர்கள் சொல்லாத நாளில்லை, யானும் சொல்லவேண்டுவதில்லை. 'மிஸ்டு கால்' என்பது நம் நாட்டார் வறுமையிற் கண்ட குறிமொழி. 2003 மே முதல் வரும் அழைப்பிற்குக் கட்டணம் நீங்கியபின், ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்தினால் 'வீடு சேர்ந்தேன்', இருமுறையாயின் 'நீ கூப்பிடு' என்று காசின்றிச் செய்தி விடுத்தனர். இணையமும் அழைப்பும் மலிந்த இந்நாளிலும் சில மாமன்மார் அதனைக் கைவிட்டிலர். கைவிடற்க என்றே யான் கூறுவேன். நன்னூலார் கூறிய குழூஉக்குறிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேறெங்குப் போய்த் தேடுவது?

எஞ்சியது விடைபெறுதல். தமிழர் வீட்டினின்று புறப்படுங்கால் 'போகிறேன்' என்னார், 'போய்வருகிறேன்' என்பர். தொலைபேசியில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. ஆகவே 'வைக்கட்டுமா?' என்னும் புதுவழக்குத் தோன்றிற்று. மேசைக் கருவியின் தொட்டிலில் கேள்குழலை வைத்த நாளிற் பிறந்த சொல் அது. தொட்டில் போயும் சொல் போகவில்லை. வைக்கின்றேன் என்று அறிவிப்பதினும் வைக்கட்டுமா என்று வினவுதல் அழகு. ஏனெனில் அது மற்றவர்க்கு, 'இரு, ஒன்று மறந்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு வாயிலைத் திறந்துவைக்கின்றது. எங்கள் ஊர்ப் பெண்டிர் அவ்வாயில்வழி மேலும் அரைமணி பேசுதலை யான் கேட்டிருக்கின்றேன். பொதுவாக அழைத்தவரே முடித்தல் முறை. பெரியவராயின் அவர் 'சரிப்பா, வை' என்னுங்காறும் காத்திருந்து, அவர் வைத்தபின் நாம் வைத்தல் நன்று. மற்றொன்று: வைத்தோம் என்று நினைத்துச் சட்டைப்பையில் இட்ட கைபேசி இணைப்பு அறாமலே கேட்டுக்கொண்டிருத்தல் உண்டு. ஆதலால் அவரைப்பற்றி ஏதேனும் சொல்ல நினைப்பவர், சிவப்புப் பொத்தானை நன்கு அழுத்தினோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு பின்னர்ச் சொல்க.